கோழிக்குக் காயம் எண்டா கூட்டப் பாருங்க: கேள்வி பதில்

கோழிக் காயம் பற்றிக் கேளுங்க எண்டு ஒரு வரி போட்டன். கேள்வி குவிஞ்சு போச்சு. நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம், படுவான்கரையில அறுபது நாட்டுக்கோழியோட கிடக்கிற ஆள். மிருக வைத்தியர் இல்ல. தெரிஞ்சதச் சொல்றன். கேள்விக்கு முன்னால கிடக்கிறது கேட்டவங்கட ஊர்.

களுவாஞ்சிக்குடி: பேடு ஒண்டிட முதுகில தோல் உரிஞ்சி இறைச்சி தெரியுது. மற்றதெல்லாம் அதக் கொத்துதுகள். மஞ்சள் அரைச்சுப் பூசவா?

மஞ்சளுக்கு முதல் பேட்டப் பிரிச்செடுங்க தங்கச்சி. ரத்தச் சிவப்பக் கண்டா கோழி கொத்தும், கொத்திக் கொத்தியே கொண்டுபோடும். பொழுதுபட்டாப்போல பிடிங்க, மங்கலில அடங்கி இருக்கும். தலைக்கு மேல ஒரு துணியப் போடுங்க. புண்ணச் சுத்தியிருக்கிற இறகக் கத்தரியால நறுக்குங்க. பிடுங்கினா அந்தத் துவாரமும் புண்தான். கொதிச்சு ஆறின தண்ணி அரை லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி உப்புக் கரைச்சு, ஊசி கழட்டின சிறிஞ்சால பீச்சிக் கழுவுங்க. மண், உமி எல்லாம் போகோணும். மறுகா பொவிடோன் அயடின். புதுத்தோல் மூடுமட்டும் கூட்டத்தோட விடாதீங்க. மாரியில காலையும் பின்னேரமும் பாருங்க. ஈ முட்டை போட்டா அடுத்த நாளே புழு நெளியும்.

மஞ்சள் பூசினா கெடுதல் இல்ல, கழுவின புண்ணில. கழுவாத புண்ணில பூசினா ஊத்தைக்கு மூடி போட்ட கதைதான்.

இனி நான் கேக்கிறன்: எத்தனை சேவல் நிக்குது? முதுகும் விலாவும் கிழிஞ்சா அது அநேகமா சேவல் ஏறின காயம். ஒரு சேவலுக்கு எட்டுப் பத்துப் பேடாவது வேணும். சேவல்ட கால்முள்ளு நுனிய அரத்தால மழுக்கிவிடுங்க. வால் அடியில கொத்துக்காயம் எண்டா கூடு இடங்காணாது. உள்ளுக்குள்ள ஒரு கோழிக்கு 2 சதுர அடியாவது விடுங்க.

மண்ணெண்ணெய், பழைய எஞ்சின் ஒயில், சுண்ணாம்பு, இந்த மூண்டையும் புண்ணில பூசாதீங்க. சதை கெட்டுப்போகும்.

ஆரையம்பதி: நகம் முறிஞ்சு ரத்தம் நிக்குதில்ல.

சுத்தமான துணியால அஞ்சு நிமிசம் அழுத்திப் பிடிங்க, இடையில எடுத்துப் பாக்காம. மறுகா சோளமா அப்புங்க.

செங்கலடி: பனடோல் குடுக்கலாமா?

குடுக்காதீங்க. கோழிட நிறைக்கு அளவு உங்களுக்கும் தெரியா, எனக்கும் தெரியா.

அக்கரைப்பற்று: நாய் கவ்விச்சு. ரெண்டு சின்னத் துவாரம்தான். ரத்தமும் பெரிசா இல்ல. வீட்டிலயே பாக்கலாமா?

முதுகு முழுக்க உரிஞ்ச கோழி பிழைச்சிரும். இந்த ரெண்டு துவாரம்தான் கோழியக் கொல்லும். மேல சின்னன், உள்ளுக்குள்ள சதை நசிஞ்சு, நாய்ட பல்லில இருந்த கிருமி ஆழத்தில கிடக்கும். துவாரத்த அடைக்காதீங்க, கழுவிப்போட்டு இண்டைக்கே அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டு போங்க. ஊசி போட்டா எத்தனை நாளைக்கு முட்டை சாப்பிடக்கூடாது எண்டும் கேட்டுக்கொண்டு வாங்க. இரப்பை கிழிஞ்சு தின்ற நெல்லு வெளிய வந்தாலும் அங்கதான்.

திருக்கோவில்: உள்ளங்காலில கறுத்த பொருக்கு, வீங்கி நொண்டுது. பிளேட்டால கீறி எடுக்கலாம் எண்டு பக்கத்து வீட்டு மாமா சொல்றார்.

மாமாட கையில இருந்து பிளேட்ட வாங்கி வையுங்க. இளஞ்சூட்டு உப்புத்தண்ணியில பத்து நிமிசம் காலை ஊறவிட்டு, துடைச்சு, அயடின் போட்டுக் கட்டுங்க. வீக்கம் மேல ஏறினா வைத்தியர். ஆனா காலை மட்டும் பாத்தா திரும்ப வரும். உங்கட கூட்டில தரை சீமெந்து, படுக்கிற கம்பு நெஞ்சுயரம், சரியா? பாரமான கோழி ஒவ்வொரு விடியலும் அதிலயிருந்து குதிக்குது. கம்ப ஒண்டரை அடிக்கு இறக்குங்க. ரெண்டங்குலத் தடிப்பு, விளிம்பு மழுங்கல். கீழ உமி நாலு விரக்கடை. சம்மாந்துறைப் பக்கம் அரிசி ஆலையில உமிக்குப் பஞ்சமா?

வாழைச்சேனை: கொண்டையில கொத்துக்காயம் மாதிரி கறுத்த பொருக்கு, நாலு கோழிக்கு. மஞ்சள் பூசவா?

நாலு கோழிக்கு ஒரே மாதிரி எண்டா அது அநேகமா கொத்துக்காயமில்ல, அம்மை. நுளம்பு காவுறது. உரிக்காதீங்க. தடுப்பூசி பற்றி அலுவலகத்தில கேளுங்க.

கல்முனை: மண்ணெண்ணெய் கொஞ்சமாப் பூசினா...

மேல வாசிங்க தம்பி.

கொக்கட்டிச்சோலை: கோழி வலை அடிச்ச கூடு. மரநாய் ரெண்டக் கொண்டு போட்டுது. வலை பிய்ஞ்சு கிடக்குது.

கோழி வலை கோழிய உள்ளுக்க வைக்கத்தான். வாறத நிப்பாட்டாது. அரையங்குலக் கண் உள்ள, வெல்ட் பிடிச்ச கம்பி வலை அடிங்க. கூடு நிலத்தில எண்டா வலைய வெளிப்பக்கம் ஒரு அடி மடிச்சுப் புதையுங்க. கீரி தோண்டத் தொடங்கினா அதில முட்டும். கதவுக்கு வெறும் கொழுக்கி காணாது.

வவுணதீவு: எங்கட அப்பப்பா காலத்தில கூடே இல்ல. கோழியெல்லாம் புளியமரத்தில படுக்கும். ஒரு காயமும் இல்ல, கொண்டையில கீறலும் இல்ல. நீங்க வலை, கம்பி, சதுர அடி எண்டு காசு கரைக்கிறீங்க.

இந்தக் கதைக்குப் பின்னால பதினாறு பேர் வரிசை கட்டிட்டாங்க. இனிக் காயத்தப் பற்றி எவரும் கேக்கிற மாதிரி இல்ல. சரி, பேசுவம்.

மரத்தில படுத்தா நெரிசல் இல்ல, கொத்து இல்ல, எச்சத்துக் காரம் கண்ணப் பிடிக்காது. ஒத்துக்கொள்றன். ஆனா உங்கட அப்பப்பா செத்த கோழிய எண்ணினவரா? விடிய ஒண்டு குறைஞ்சா "அடை கிடக்கும்" எண்டு விட்டிருப்பார். மரநாய்க்குப் பேரே மரநாய். வெங்கிணாந்தியும் (மலைப்பாம்பு) ஏறும்.

இதுக்கு வெல்லாவெளிக்காரர் ஒருத்தர் எழுதினார்: "2011 வெள்ளத்தில மரத்தில படுத்த கோழிதான் மிஞ்சினது." இதுக்கு என்னட்ட மறுமொழி இல்ல. அந்த ஜனவரி நானும் என்ட கூட்டுக்குக் கதவு பூட்டி, நரி வராது எண்டு நிம்மதியாப் படுத்தவன். விடிய முழங்காலளவு தண்ணி. உள்ளுக்க பத்தொன்பது கோழி மிதந்துது. காயமெண்டு ஒண்டுமில்ல. பூட்டினது நான்.

அதால இப்ப என்ட கூடு மரத்துக்கும் நிலத்துக்கும் நடுவில நிக்குது. வீட்டுச் சுவரில வெள்ளத்தண்ணி நிண்ட கறை இன்னும் இருக்கு. அதுக்கு ஒரு சாண் மேலதான் பலகைத் தளம். நாலு காலையும் சுத்தி ரெண்டடி வழுவழுத் தகரம், எலியும் மரநாயும் வழுக்கும். வாடை மழை கடல் பக்கத்தால அடிக்கிறதால அந்தப் பக்கம் பலகை. மற்றப் பக்கமெல்லாம் வலை, கோழிட தலைக்கு மேலால காத்துப் போகோணும். கூரை தகரம்தான், ஆனா மேல கிடுகு. கச்சான் (காய்ஞ்ச மேல்காத்து) வீசுற மாதத்தில வெறும் தகரத்துக்குக் கீழ கோழி வாயப் பிளந்து நிக்கும்.

ஏறாவூர்: மஞ்சள்...

கழுவிப்போட்டு.

வவுணதீவு (திரும்பவும்): சரி அண்ணன், காலுள்ள கூடு ஒண்டு அடிக்கிறன். புளிக்குக் கீழ வைக்கலாமா? நிழல் நல்லா இருக்கு.

வைக்கலாம், கூரைக்கு மேல நீட்டுற கொப்ப வெட்டினாப் பிறகு. இல்லாட்டி நீங்க தகரம் சுத்தின காலை மரநாய் தொடவே தொடாது, நேரா மேலால வந்து இறங்கும்.