மண்ணுக்குள் புதைக்க ஐ.பி. 67 பெட்டி போதுமா?

கேள்வி: உடுமலைப்பேட்டை அருகே இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு, நடுவில் வீடு. சொட்டுநீருக்கு ஆறு மின்வால்வுகள், நடைபாதை நெடுக விளக்குகள், போர்வெல் மோட்டார் எல்லாம் வரப்போகின்றன. தோட்டத்தில் பாதி செம்மண், பாதி கரிசல். ‘ஐ.பி. 67 பெட்டி, தண்ணீரே புகாது’ என்று கடையில் நான்கு கொடுத்திருக்கிறார்கள். வால்வையும் வயர் இணைப்புகளையும் அதற்குள் வைத்துப் புதைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம், புதைக்காதீர்கள். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் கெடுதல் செய்யும் அளவுக்கு நீர் புகாது என்பதுதான் ஐ.பி. 67. அது புதுப் பெட்டிக்குச் சோதனைக்கூடத்தில் நடக்கும் சோதனை. உங்கள் கரிசல் மண்ணோ ஐப்பசி அடைமழையில் நாள்கணக்கில் சேறாகக் கிடக்கும்.

மண்ணுக்குள் இன்னொரு சிக்கல் உண்டு. பகல் வெயிலில் பெட்டிக்குள் இருக்கும் காற்று சூடேறி விரிந்து கசிந்துவிடும். மாலையில் மழை பெய்து பெட்டி சட்டென்று குளிர்ந்தால், உள்ளே சுருங்கும் காற்று ரப்பர் விளிம்பு வழியாக ஈரத்தை இழுத்துக்கொள்ளும். போன ஈரம் திரும்ப வழியில்லை. ஒரு தோட்டத்தில் அப்படிப்பட்ட பெட்டியை நானே திறந்தேன். மேலே மண் காய்ந்து வெடித்திருந்தது. உள்ளே இரண்டு விரற்கடை தண்ணீர், டேப் சுற்றிய செம்புக் கம்பி முழுக்கப் பச்சைக் களிம்பு.

அதனால் மண்ணுக்குள் வைக்கும் பெட்டியில் நான் முதலில் பார்ப்பது, வந்த தண்ணீர் எந்த வழியாக வெளியேறும் என்பதைத்தான். நீரைத் தடுக்கும் வேலையைக் கம்பி இணைப்பிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

மின்வால்வுகளுக்கு அடிப்பகுதி திறந்த, பச்சை மூடி போட்ட பிளாஸ்டிக் வால்வு பாக்ஸ் போதும். பத்து அங்குல வட்டப் பெட்டியில் ஒரு வால்வுதான் வசதியாக நிற்கும். இரண்டு, மூன்று வால்வுகள் சேர்ந்து வரும் இடத்தில் நீள்சதுரப் பெட்டி வாங்குங்கள். வால்வுகளைத் தரையில் வரிசையாக வைத்து, சுற்றிலும் ஸ்பானர் பிடித்த கை திரும்பும் அளவுக்கு இடம் விட்டு அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். சிறிய பெட்டியில் மிச்சம் பிடித்த பணம், முதல் பழுதிலேயே பெட்டியைத் தோண்டி எடுக்கும் கூலியாகப் போய்விடும்.

குழியை அரையடி கூடுதலாகத் தோண்டி 20 மி.மீ. ஜல்லி நிரப்புங்கள். கரிசல் பக்கம் ஓரடி நிரப்பினாலும் தகும். அந்த மண் தண்ணீரை எளிதில் விடாது. சேறு ஏறாமல் இருக்க ஜல்லிக்கு அடியில் ஜியோ டெக்ஸ்டைல் துணி, எலி வளை தோண்டி உள்ளே வராமல் இருக்கக் கம்பி வலை. பெட்டியின் விளிம்பை நான்கு பக்கமும் செங்கல் மேல் உட்கார வையுங்கள். குழாயின் மேல் உட்கார்ந்தால், மூடியை ஒருவர் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பாரம் பிவிசி மூட்டில்தான் இறங்கும். மூடி தரையை விட ஓரங்குலம் உயர்ந்திருக்கட்டும். மட்டையும் தேங்காயும் விழும் இடத்தில், அதாவது மரத்தடியில், பெட்டி வைக்கவே கூடாது. இரண்டு வரிசைக்கு நடுவே வையுங்கள்.

வால்வுக்குப் போவது 24 வோல்ட் என்றால் ஆளுக்கு ஆபத்து குறைவு. ஆனால் களிம்பு பிடித்தால் வால்வு திறக்காது. டேப்பை நம்பாதீர்கள், ஜெல் நிரப்பிய கனெக்டர் போட்டு, இணைப்பை வெளியே எடுத்துப் பார்க்க இரண்டடி வயரைச் சுருட்டி விடுங்கள். வயர் வரும் குழாயின் வாயைப் பட்டி (putty) பசையால் அடைத்துவிட்டால் எறும்பும் ஏறாது.

230 வோல்ட் விளக்கு லைனுக்கும் மோட்டார் லைனுக்கும் கதையே வேறு. அவற்றின் இணைப்பை வால்வு பாக்ஸுக்குள் ஒருபோதும் வைக்காதீர்கள். நாளை வால்வைக் கழற்ற ஈரக்கையோடு அதைத் திறப்பவர் உங்கள் வீட்டு ஆளாகவே இருக்கலாம். என் கருத்தில் மின் இணைப்புக்கு மண்ணுக்குள் நல்ல பெட்டி, பெட்டியே இல்லாமல் இருப்பதுதான். மோட்டாருக்கு ஸ்டார்ட்டரிலிருந்து போர்வெல் வரை ஒரே நீளக் கேபிள் வாங்குங்கள். விளக்குகளுக்கு ஒவ்வொரு கம்பத்தின் அடியிலும் தரைக்கு மேலே கேபிளை ஏற்றி, இணைப்பை அங்கேயே முடித்து, மறுபடி மண்ணுக்குள் இறக்குங்கள். ஆர்மர்டு கேபிளை (உலோகக் கவசம் சுற்றியது) இந்தியத் தர விதியான ஐஎஸ் 1255 சொல்கிறபடி 75 செ.மீ. ஆழத்தில் மணல் மெத்தை மேல் போட்டு, செங்கல் அடுக்கி, எச்சரிக்கை நாடா விரித்து மூடுங்கள். தவிர்க்க முடியாமல் நடுவில் இணைப்பு வந்தால் ரெசின் வார்த்த ஜாயின்ட் போட்டு, அதற்கெனத் தனி சேம்பர் (மூடி போட்ட தொட்டி) கட்டுங்கள். ஆர்மருக்கு எர்த்தும், லைனுக்கு 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபியும் (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் கருவி) கட்டாயம். இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

டிராக்டர் போகும் பாதையில் பிளாஸ்டிக் மூடி நிற்காது. முடிந்தால் சேம்பரைப் பாதையை விட்டுத் தள்ளிக் கட்டுங்கள். முடியாவிட்டால் ஐஎஸ் 12592 முத்திரையுள்ள கான்கிரீட் மூடி கேளுங்கள். அதில் எல்டி 2.5, எம்டி 10, எச்டி 20, ஈஎச்டி 35 என்று பிரிவுகள் உண்டு. எண்கள் தாங்கும் பாரத்தை டன்னில் குறிப்பவை. தண்ணீர் டேங்கர் இழுத்து வரும் டிராக்டர் என்றால் நான் எச்டி 20-க்குக் கீழே இறங்க மாட்டேன்.

வாங்கிய நான்கு பெட்டிகளும் வீணில்லை. மோட்டார் அறைச் சுவரிலோ சிறு கல்தூணிலோ, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், மேற்கு வெயில் படாத பக்கமாகப் பொருத்துங்கள். கேபிள்கள் அடிப்பக்கமாக மட்டும் நுழையட்டும். ஒரு கிளாண்டுக்கு (துளையில் கேபிளை இறுக்கிப் பிடிக்கும் திருகுமூடி) ஒரு கேபிள், கேபிளின் பருமனுக்கு ஏற்ற கிளாண்ட். இரண்டு வயரை ஒரே துளையில் திணித்தால் அன்றோடு அது ஐ.பி. 67 பெட்டி இல்லை.