ஆசிரியர் பெயர் தலைகீழாக வருவது

வணக்கம்ங்க. கிருஷ்ணகிரி மாம்பழம் பற்றிய உங்கள் கட்டுரையின் மேற்கோள் பட்டியலில் "முருகன் கே" என்பவர் "கே எம்" ஆகிவிட்டதாகக் கேட்டிருந்தீர்கள். மேற்கோளின் வடிவத்தை நிர்ணயிக்கும் இதழின் ஸ்டைல் ஃபைலில் தவறில்லை. மேற்கோள்களைச் சேமித்துப் பட்டியலிடும் ஜோட்டெரோ மென்பொருளில் இறங்கிய தரவில்தான் தவறு. கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டதால் இனிஷியல் அங்கே போய் உட்கார்ந்துவிட்டது. நம் பெயர்களுக்கு இது அடிக்கடி நேரும்.

ஜோட்டெரோவில் அந்தப் பெயர் வரியின் மெனுவில் முன்பெயர், பின்பெயரை இடம் மாற்றும் வசதி இருக்கிறது. மாற்றிவிட்டு வேர்டில் ரெஃப்ரெஷ் கொடுங்கள். வேர்டிலேயே கையால் திருத்தினால் அடுத்த ரெஃப்ரெஷில் அழிந்துவிடும். மாமரத்தின் அறிவியல் பெயரான மாஞ்சிஃபெரா இண்டிகா சாய்வெழுத்தில் வர, ஜோட்டெரோவின் தலைப்புப் பெட்டியிலேயே எச்டிஎம்எல் சாய்வுக் குறி (<i> </i>) இடவேண்டும்.

பெயர் சிதைந்தால் அந்த ஆய்வாளரின் மேற்கோள் கணக்கே விடுபடக்கூடும். தயவுசெய்து ஒவ்வொரு கட்டுரையின் டிஓஐயையும் (அதன் நிரந்தர இணைய அடையாள எண்) திறந்து, அங்குள்ள பெயருடன் ஒப்பிடுங்கள். வேர்டு கோப்புக்கும் ஜோட்டெரோவுக்கும் உள்ள இணைப்பைத் துண்டிக்கும் அன்லிங்க் செய்வதை நகலில் மட்டும் வைத்துக்கொள்ளுங்க.