மருத்துவர் பதில்: உறக்கமும் இல்லை, களைப்பும் இல்லை

கேள்வி: எங்கள் ஊர் குமுளி. 26 வயதான என் தம்பி பத்து நாட்களாக இரவில் இரண்டு மூன்று மணி நேரம்தான் உறங்குகிறான். ஓயாமல் பேசுகிறான். ஏலத் தோட்டம் குத்தகைக்கு எடுக்கிறேன் என்று கடன் வாங்கி முன்பணம் கொடுத்துவிட்டான். தடுத்தால் அடிக்க வருகிறான். சென்ற ஆண்டு மூன்று மாதம் முடங்கிக் கிடந்தான். அப்போது தந்த மனச்சோர்வு மாத்திரையை இன்றும் சாப்பிடுகிறான். ரத்தப் பரிசோதனையில் குறை இல்லை. ‘காற்று பட்டிருக்கிறது, மந்திரிக்க வேண்டும்’ என்கிறார்கள். இது நோயா?

பதில்: நோய் என்றே நினைக்கிறேன், சகோதரி. நேரில் பார்த்துத்தான் உறுதி சொல்ல முடியும். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது மேனியா எனும் மிகையெழுச்சி நிலையை அப்படியே காட்டுகிறது.

ரத்தப் பரிசோதனையை நம்பி இருந்துவிடாதீர்கள். மேனியாவைக் காட்டும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. தைராய்டு மிகைச் சுரப்பு போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று தெரிந்துகொள்ளவே அவை. கஞ்சாவும் ஸ்டீராய்டு மருந்தும்கூட இப்படிச் செய்யும் என்பதால் அவற்றையும் விசாரிப்போம். மற்றபடி, வீட்டார் கண்டதைக் கேட்டுத்தான் இந்த நோயைக் கண்டுபிடிக்கிறோம்.

நான் முதலில் கேட்பது உறக்கத்தை. விடிய விடிய ஏலக்காய் உலர்த்தியவர் மறுநாள் படுத்தால் எழமாட்டார். உங்கள் தம்பியோ மூன்று மணி நேரம் உறங்கிவிட்டுப் புதுத் தெம்போடு எழுகிறார். உறக்கம் வராமல் தவிப்பது வேறு, உறக்கமே தேவைப்படாதது வேறு. அதோடு ஓயாத பேச்சு, கைமீறிய செலவு, எரிச்சல் எல்லாம் ஒரு வாரத்துக்கு மேல் நாள்தோறும் நீடித்தால் மேனியா என்கிறோம். மேனியா என்றால் எல்லோரும் மகிழ்ச்சியை எதிர்பார்க்கிறார்கள். பலரிடம் கோபமே மேலோங்கியிருக்கும்.

சென்ற ஆண்டு முடங்கிக் கிடந்ததும் இதே நோயின் மறுமுனையாக இருக்கலாம். அதனால்தான் இதை இருமுனைக் கோளாறு, பைபோலார் என்கிறோம். எனக்குப் பெரிய கவலை அந்த மாத்திரைதான். இந்த நோய் உள்ளவர்களை மனச்சோர்வு மருந்து சில வேளைகளில் மேனியாவுக்குத் தள்ளிவிடும். மாத்திரை அட்டையுடன் இன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். நிறுத்துவதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். மலையிறங்கித் தேனிக்குப் போனாலும் சரி, கோட்டயம் போனாலும் சரி, பழைய மருந்துச் சீட்டுகள் கையில் இருக்கட்டும். மாநிலம் மாறும்போது பழைய சிகிச்சை விவரம் விட்டுப்போவதை அடிக்கடி பார்க்கிறேன்.

லித்தியம் போன்ற நல்ல மருந்துகள் இருக்கின்றன. லித்தியம் எடுப்பவருக்கு ரத்தத்தில் அதன் அளவையும் சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். குணம் தெரிந்ததும் தானாக நிறுத்தக் கூடாது.

மந்திரிப்பதற்காக ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். தம்பியோடு வாதாட வேண்டாம். தனக்கு நோய் என்று இப்போது அவருக்குத் தெரியாது. ‘உறக்கத்துக்காக மட்டும் டாக்டரைப் பார்ப்போம்’ என்று அழைத்துப் பாருங்கள். வன்முறையோ தற்கொலைப் பேச்சோ வந்தால் 108-ஐ அழையுங்கள். 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் தமிழில் ஆலோசனை கிடைக்கும். தோட்ட உரிமையாளரிடம் இன்றே பேசி, மீதிப் பணத்தை வாங்காமல் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்.