கோடி வரை நடந்து திரும்புங்கள்

கேள்வி: எனக்கு 59 வயது. கிருஷ்ணகிரியில் இருக்கிறோம். போன வருடம் மான்செஸ்டரில் இருக்கும் மகன் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தோம். ஞாயிறு வந்தால் மகன் எங்களை எங்காவது நடக்கக் கூட்டிப் போவான். பூங்கா, மரக்காடு, ஆடு மேயும் வயல், ஏரி. டார்ன் ஹௌஸ் என்ற ஏரியை ஒரு முழுச் சுற்று நடந்தேன். மூட்டுவலிக்காரி நான், ஓரிடத்திலும் உட்காரவில்லை! ஊருக்கு வந்தபிறகு மொட்டை மாடியில் எட்டு போட்டு நடக்கிறேன், சலிப்பாக இருக்கிறது. ரோட்டில் நடந்தால் தெரிந்தவர்கள் வண்டியை நிறுத்தி, "பஸ் போயிடுச்சா, ஏறிக்குங்க" என்கிறார்கள். "நம்ம ஊர்ல அதெல்லாம் எங்க இருக்கு?" என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். நம் பக்கம் அப்படி நடக்க இடமே இல்லையா? மலை ஏற என்னால் முடியாது.
– பெயர் வேண்டாம், கிருஷ்ணகிரி.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த வண்டிக்காரர்களை மன்னித்துவிடுங்கள். நம் ஊரில் சாலையோரம் நடக்கிற ஆள் என்றால் ஒன்று பஸ்ஸை விட்டவர், இல்லாவிட்டால் கோயிலுக்கு வேண்டிக்கொண்டவர். சும்மா நடக்கிறவர்களும் உண்டு என்ற சேதி இங்கே இன்னும் பரவவில்லை.

இடம் இருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் இருக்கிறது. ஆனால் அதை ஒகேனக்கல், ஏற்காடு என்று சுற்றுலாப் பட்டியலில் தேடினால் கிடைக்காது.

நீங்கள் சுற்றிவந்த டார்ன் ஹௌஸையே எடுத்துக்கொள்வோம். அது தானாக அமைந்த ஏரி என்று நினைத்திருப்பீர்கள். பாதிதான் சரி. மூன்று சிறு குட்டைகளாகக் கிடந்ததை பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த நிலத்துக்காரர் கரை போட்டு ஒன்றாக்கினார். அவர் கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று கட்டினார், நம் ஆட்கள் நெல்லுக்காகக் கட்டினார்கள், வித்தியாசம் அவ்வளவுதான். ஒரு சுற்று மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சக்கர நாற்காலியே போகிற மாதிரி பாதை போட்டு வைத்திருக்கிறார்கள். உங்கள் மூட்டு வாயைத் திறக்காததற்கு அந்தப் பாதைதான் காரணம், இங்கிலாந்துக் குளிர் இல்லை.

இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். யாரோ ஒருவருடைய வயலுக்கு நடுவே மஞ்சள் அம்பு போட்டிருக்கும், கேட்டைத் திறந்து நீங்கள் பாட்டுக்குப் போகலாம், விவசாயி ஒன்றும் சொல்ல மாட்டார். அது அவருடைய பெருந்தன்மை இல்லை, சட்டம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து ஏறக்குறைய 2,25,000 கிலோமீட்டர் அப்படிப் பொதுவழியாகப் பதிவாகியிருக்கிறது. அதெல்லாம் சும்மா வந்துவிடவில்லை. உங்கள் மகன் வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத கிண்டர் ஸ்கௌட் என்ற மேட்டில், 1932 ஏப்ரலில், மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் தடையை மீறி ஏறினார்கள். பணக்காரர்கள் பறவை வேட்டைக்காகப் பூட்டி வைத்திருந்த நிலம் அது. ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949-இல் தேசியப் பூங்காக்களுக்கும் பொதுவழிகளுக்குமாகச் சட்டம் வந்தது.

நம்மிடம் அப்படி அம்புக்குறி கிடையாது. ஆனால் ஏரி இருக்கிறது. ஏரிக்கரை யாருடைய பட்டா நிலமும் இல்லை, புறம்போக்கு. கிராம வரைபடத்தில் வண்டிப்பாதை என்று கோடு போட்டிருப்பார்களே, அதுவும் அப்படித்தான். அங்கே நீங்கள் நடந்தால் "ஏன்" என்று கேட்க ஒருவருக்கும் உரிமையில்லை. கேட்பார்கள், அது வேறு. "எந்த ஊரு, யாரு வீட்டுக்கு வந்தீங்க" என்று கேட்பது நம் பக்கத்து மரியாதை. பதில் சொல்லிவிட்டு நடங்கள்.

உங்கள் மூட்டுக்கு ஒரு நல்ல சேதியும் இதில் இருக்கிறது. தண்ணீர் மட்டமாக நிற்கும், அதனால் கரையின் மேல்பகுதியும் ஒரே மட்டமாகத்தான் இருந்தாக வேண்டும். ஓரிடத்தில் தாழ்ந்தாலும் ஏரி அந்த வழியே போய்விடும். கால்வாய்க் கரை இன்னும் சுகம். தண்ணீர் தானாக ஓட எவ்வளவு சரிவு வேண்டுமோ அவ்வளவுதான் கொடுத்து வெட்டியிருப்பார்கள், நடக்கும்போது இறங்குகிறோம் என்றே தெரியாது. மூட்டுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எதிரி என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். ஆகவே மேட்டு நிலமும் பாறையுமான நம் மாவட்டத்தில் சமமாக நடக்க வழி தேடினால், தண்ணீர் போகும் வழியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குப் பக்கத்திலேயே கே.ஆர்.பி. டேம், அதாவது கிருஷ்ணகிரி அணை. 1950-களின் கடைசியில், காமராஜர் முதல்வராக இருந்தபோது தென்பெண்ணையில் கட்டியது. உயரம் 52 அடி. டேமுக்கு முன்னால் உள்ள பூங்காவில் பெரிய மரங்கள் இருக்கின்றன. காலை ஏழு மணிக்கு நிழலும் காற்றுமாக இருக்கும். ஆனால் பூங்காவோடு நின்றுவிடாதீர்கள். இடது புறமும் வலது புறமும் டேமிலிருந்து இரண்டு கால்வாய்கள் கிளம்பி, காவேரிப்பட்டணம் பக்கம் ஒன்பதாயிரம் ஏக்கர் அளவுக்குப் பாசனம் கொடுக்கின்றன. பாசனத்துக்குத் தண்ணீர் விட்டிருக்கும் மாதங்களில் அந்தக் கரையில் நடந்து பாருங்கள். ஒரு பக்கம் ஓடுகிற தண்ணீர், மறு பக்கம் நாற்று, தென்னை, நடுவில் மண் பாதை. எதிரே புல்லுக்கட்டோடு டிவிஎஸ் எக்ஸெல் வந்தால் மட்டும் ஒதுங்க வேண்டும். என்னைக் கேட்டால் டார்ன் ஹௌஸுக்கு இது இளைத்ததில்லை.

டேமுக்குப் போகிற வழியிலேயே அவதானப்பட்டி ஏரி. படகு, சிறுவர் பூங்கா எல்லாம் உண்டு. ஞாயிறு மாலை போனால் நடக்க முடியாது, பஜ்ஜி வாசனையில் நிற்கத்தான் முடியும். வார நாளில், காலையில் போங்கள்.

இன்னும் கொஞ்சம் தூரம் போகலாம் என்றால் பாரூர் பெரிய ஏரி. போச்சம்பள்ளிப் பக்கம். ஒரு கரையில் நின்றால் எதிர்க்கரை மங்கலாகத் தெரிகிற ஏரி அது. மூன்று கிலோமீட்டர் சுற்று என்றெல்லாம் இங்கே கணக்குப் போடாதீர்கள், முழுச் சுற்று உங்களுக்கு வேண்டாம். கரையில் ஏறி, மதகைத் தாண்டி, கால் போதும் என்று சொல்கிற இடத்தில் திரும்பிவிடுங்கள். சின்ன ஊர்களின் ஏரி என்றால் கோடி வரை போய்த் திரும்பலாம். (ஏரி நிரம்பி வழிகிற இடத்தை நம் பக்கம் கோடி என்போம் என்று வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.) நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயப்போட்டிருக்கும். ஆள்காட்டிக் குருவி உங்களைப் பார்த்ததும் ஊருக்கே சொல்லும். கரையோரம் வேப்பமரத்தடியில் ஒரு பலகைக் கல், அதில் வில்லோ வாளோ ஏந்திய ஒருவன் செதுக்கியிருந்தால், குங்குமம் பூசியிருந்தால், அது நடுகல். மாடு மீட்கவோ ஊரைக் காக்கவோ செத்தவனுக்கு நட்ட கல்லை நம் பக்கம் வேடியப்பன் என்று கும்பிடுவார்கள். ஒரு நிமிடம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பாருங்கள், மூட்டுக்கும் ஓய்வு.

மரக்காடு கேட்டிருக்கிறீர்கள். நம் மாவட்டத்தில் உங்களுக்கு ஏற்ற காடு மாந்தோப்புதான். சந்தூர் பக்கமெல்லாம் பழைய தோப்புகள், கிளைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு உள்ளே அரை இருட்டாக இருக்கும். ஆனால் தோப்பு பட்டா நிலம், கேட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். எப்போது போவது என்பதில்தான் சூட்சுமம். தை, மாசியில் பூ வாசம் ஆளைத் தூக்கும், ஆனால் அப்போதுதான் மருந்து அடிப்பார்கள். அடித்த வாடை இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். சித்திரை, வைகாசியில் காய் தொங்கும், காவல்காரர் இருப்பார். நீங்கள் நடைப்பயிற்சி என்று சொன்னால் அவர் நம்ப வேண்டுமே! பெங்களூராவும் நீலமும் வண்டியேறி முடிந்த ஆவணிக்குப் பிறகு போங்கள். தோப்பு காலியாக இருக்கும், காவல்காரரே உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுப்பார்.

இப்போது போகக்கூடாத இடங்கள். இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

தளி, தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, அஞ்செட்டி. பசுமையும் குளிர்ச்சியும் பார்த்தால் இங்கிலாந்து ஞாபகம் வரும், தளியைக் குட்டி இங்கிலாந்து என்றே சொல்வார்கள். ஆனால் அங்கே வீட்டுக்காரர் யானை. ஐப்பசி, கார்த்திகை வாக்கில், கேழ்வரகு முற்றும் நேரத்தில், கர்நாடகத்தின் பன்னர்கட்டா பக்கமிருந்து கூட்டம் கூட்டமாக இறங்கி வரும். சில மாதங்கள் இந்தக் காடுகளிலும் சூளகிரிப் பக்கத்துச் சானமாவு வரையிலும் இருக்கும். விவசாயிகள் பரண் கட்டி ராத்திரி முழுக்கக் காவல் இருப்பார்கள். சில வருடங்களுக்கு முன் நானும் ஒரு நண்பரும் விடிகாலையில், காட்டோர மண் ரோடுதானே என்று கிளம்பினோம். அரை கிலோமீட்டர் போயிருப்போம், நடுப்பாதையில் யானை லத்தி. குளிரில் ஆவி பறந்துகொண்டிருந்தது. நண்பர் அதைக் குனிந்து பார்த்து, "இப்பத்தான்" என்றார். அந்த ஒரு சொல்லோடு திரும்பினோம், பேசவேயில்லை. அந்தக் காலை நான் நடந்த வேகத்தை எந்த டாக்டரும் பரிந்துரைக்க மாட்டார்.

அந்தப் பக்கக் காட்டைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் வனத்துறை மூலமாகப் போங்கள். 2024-இல் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் இணையத்தில் பதிவு செய்துகொண்டு, பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு போகலாம். தமிழ்நாடு முழுக்க 40 பாதைகள், நம் மாவட்டத்தில் அய்யூர் – சாமி ஏரி பாதையும் உண்டு. பதிவு செய்யும்போதே தூரமும் ஏற்றமும் உங்களுக்கு ஒத்துவருமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓசூர் கெலவரப்பள்ளி அணை பற்றி யாராவது சொல்வார்கள். அதே தென்பெண்ணைதான். பெங்களூர்ப் பக்கத்துக் கழிவெல்லாம் சேர்ந்து வருவதால் தண்ணீர் திறக்கும்போது சில நாள் மலை மாதிரி நுரை நிற்கும். காற்று வாங்கப் போகிற இடமில்லை.

மழை விஷயமும் சாதாரணமில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது, நிறுத்தியிருந்த வண்டிகள் அடித்துப் போனதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெருமழை பெய்த வாரத்தில் எந்த ஏரிக்கரையும் வேண்டாம். மண் ஊறியிருக்கும், வழுக்கும், சமயத்தில் உடையும். டேமில் தண்ணீர் திறந்து எச்சரிக்கை கொடுத்திருந்தால் ஆற்றோரமும் வேண்டாம்.

அப்புறம் சில்லறை விஷயங்கள். ரப்பர் செருப்போடு போகாதீர்கள், வேலிகாத்தான் முள் அதைத் துளைத்துக்கொண்டு ஏறும். மகன் வாங்கிக் கொடுத்த ஷூ பீரோவில்தானே இருக்கிறது? அங்கே என்ன போட்டு நடந்தீர்களோ அதையே இங்கேயும் போடுங்கள், இரண்டு நாள் பார்ப்பார்கள், மூன்றாம் நாள் பழகிவிடும். கையில் ஒரு கோல் இருக்கட்டும். இறக்கத்தில் மூட்டுக்கு உதவும், நாய்க்கும் காட்டலாம். வெளிச்சம் வந்தபிறகு கிளம்புங்கள், புல்லில் கண்ணாடி விரியன் கிடந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பங்குனி, சித்திரையில் எட்டரை மணிக்குள் வீட்டில் இருங்கள். எவ்வளவு தூரம் என்பதை மூட்டு பார்க்கும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நான் பாதை சொல்ல மட்டும்தான் லாயக்கு.

கடைசியாக உங்கள் வீட்டுக்காரர். அவரிடம் நடைப்பயிற்சி என்ற சொல்லையே எடுக்காதீர்கள். "டேமுக்குப் போய் மீன் வறுவல் சாப்பிட்டு வரலாமா" என்று கேளுங்கள். மறுக்க மாட்டார். மீன் சூடாகக் கிடைக்க நேரமாகும், அதுவரை கால்வாய்க் கரையில் ஒரு நடை போய் வருவோம் என்று அங்கே போய்ச் சொல்லுங்கள். முதல் மதகு வரை போதும். வரிசை முக்கியம், சகோதரி: மீனை முதலில் வாங்கிக் கொடுத்துவிட்டால் அவர் அந்த பெஞ்சை விட்டு எழுந்திருக்கமாட்டார்.