உபுண்டுவில் ஓடும் நிரல் மேக்கில் ஏன் அடம்பிடிக்கிறது?

கேள்வி: சி மொழியில், படங்களைச் சுருக்கும் சின்ன நிரல் ஒன்று எழுதியிருக்கிறேன். கட்டளையில் கொடுக்கும் ஆப்ஷன்களைப் படிக்க கெட்ஆப்ட் என்ற ஃபங்ஷனைப் பயன்படுத்துகிறேன். உபுண்டுவில் கோப்புப் பெயருக்குப் பின்னால் ‘-க்யூ 80’ என்று கொடுத்தாலும் வேலை செய்கிறது. மேக்கில் ‘-க்யூ’வையே கோப்பு என்று நினைத்துத் திறக்கப் பார்க்கிறது. ராஸ்பெர்ரி பையில் நிரல் முடியாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. விஷுவல் ஸ்டுடியோவில் கம்பைலே ஆகவில்லை. என்ன செய்வது?

பதில்: மூன்றும் மூன்று தனித்தனிக் கோளாறுகள். ராஸ்பெர்ரி பை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். கெட்ஆப்ட் தரும் மதிப்பை ‘கேர்’ வகை மாறியில் வாங்கியிருப்பீர்கள். ஆப்ஷன்கள் தீர்ந்ததும் கெட்ஆப்ட் -1 தரும். ராஸ்பெர்ரி பையில் உள்ளதுபோன்ற ஏஆர்எம் சிப்பில் ஓடும் லினக்ஸில் ‘கேர்’ வகைக்கு எதிர்ம எண் கிடையாது. அந்த -1 அங்கே 255 ஆகிவிடும், லூப் நிற்கவே நிற்காது. இன்டெல் கணினிகளிலும் ஆப்பிள் சிப் உள்ள மேக்கிலும் ‘கேர்’ எதிர்ம எண்ணை ஏற்கும். அதனால்தான் அங்கெல்லாம் பிழை தெரியவில்லை. மாறியை ‘இன்ட்’ ஆக்குங்கள், போதும்.

மேக் செய்வது தவறு என்று நினைக்காதீர்கள். யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொதுத் தரமான போசிக்ஸின் விதிப்படி, ஆப்ஷன் அல்லாத முதல் சொல்லைக் கண்டதும் கெட்ஆப்ட் நின்றுவிட வேண்டும். மேக், பிஎஸ்டி, ஆல்பைன் லினக்ஸ் எல்லாம் அப்படித்தான் நிற்கின்றன. உபுண்டுவில் உள்ள க்னூ நூலகம்தான் சொற்களை வரிசை மாற்றி, கோப்புப் பெயர்களைக் கடைசிக்குத் தள்ளுகிறது. இந்தச் சலுகைக்குப் பழகியவர்கள்தான் மேக்கில் தடுக்கி விழுகிறார்கள்.

இரண்டு வழி உண்டு. ஆப்ஷன் முன்னால், கோப்பு பின்னால் என்று கண்டிப்பாக வைத்துக்கொள்ளலாம். அப்போது உபுண்டுவில் சோதிக்கும்போது போசிக்ஸ்லி_கரெக்ட் என்ற சூழல் மாறிக்கு 1 என்று மதிப்புக் கொடுங்கள். க்னூவும் மேக் போலவே நடக்கும், பிழைகள் உங்கள் மேசையிலேயே வெளிப்படும். இல்லை, பின்னால் வரும் ஆப்ஷனும் வேண்டும் என்றால், முழுச் சொல்லாக வரும் நீள ஆப்ஷன்களையும் படிக்கும் கெட்ஆப்ட்_லாங்குக்கு மாறுங்கள். அது போசிக்ஸில் இல்லை. ஆனாலும் மேக், பிஎஸ்டி, ஆல்பைன் எல்லாவற்றிலும் இருக்கிறது, எல்லாவற்றிலும் வரிசை மாற்றுகிறது. நீள ஆப்ஷன் எதுவும் வேண்டாம் என்றால், அதற்குக் கொடுக்கும் ஆப்ஷன் அட்டவணையில் சுழியங்களாலான ஒரே ஒரு வரி வையுங்கள். உங்கள் தேவைக்கு இதுவே சரி.

எதை எடுத்தாலும், ஆப்ஷன் எழுத்துக்குப் பின் இரட்டை முக்காற்புள்ளி (::) வைப்பதைத் தவிருங்கள். மதிப்பு விருப்பம்போல் என்று அதற்குப் பொருள், அதுவும் க்னூவின் சேர்க்கை. ‘--’ வந்தால் ஆப்ஷன்கள் முடிந்தன என்பது எங்கும் செல்லும். ‘-’ குறியில் தொடங்கும் கோப்புப் பெயர்களுக்கு அதுதான் வழி.

விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கம்பைலரோடு கெட்ஆப்ட் வருவதே இல்லை. க்னூ கம்பைலரை விண்டோஸில் பயன்படுத்த உதவும் மிங்டபிள்யூ-64 தொகுப்பில் உண்டு. விஷுவல் ஸ்டுடியோதான் வேண்டும் என்றால் ஓபன்பிஎஸ்டியின் கெட்ஆப்ட்_லாங் மூலக் கோப்பை உங்கள் நிரலோடு சேர்த்துக்கொள்ளுங்கள். உரிமம் தாராளமானது, உரிமக் குறிப்பை மட்டும் நீக்காதீர்கள். அது ‘எர்.ஹெச்’ தலைப்புக் கோப்பைத் தேடும். அந்த வரியை எடுத்துவிட்டு, ‘வார்ன்எக்ஸ்’ அழைப்புகளுக்குப் பதில் பிழைச் செய்தி அச்சிடும் சின்ன ஃபங்ஷன் ஒன்று எழுதுங்கள்.

கம்பைல் ஆனபின் வேறு தொல்லைகள் காத்திருக்கும். விண்டோஸ் கட்டளை முழுவதையும் ஒரே சரமாகத் தருகிறது. சொற்களாகப் பிரிப்பது உங்கள் நிரலோடு இணையும் சி நூலகம். ஆகவே "டி:\படங்கள்\" என்று மேற்கோளுக்குள் கொடுத்தால் கடைசிப் பின்சாய்வு மேற்கோள் குறியோடு ஒட்டிக்கொள்ளும், மேற்கோள் மூடாது, அடுத்து வரும் ஆப்ஷன்களும் பாதைக்குள் போய்விடும். கடைசிச் சாய்வை விட்டுவிடச் சொல்லுங்கள், அல்லது இரண்டாகப் போடச் சொல்லுங்கள். நட்சத்திரக் குறியையும் (*) விண்டோஸின் கட்டளைச் சாளரமான சிஎம்டி கோப்புப் பெயர்களாக விரிக்காது. ‘செட்ஆர்க்வி.ஓபிஜே’யை லிங்க் செய்தால் நூலகம் விரித்துத் தரும்.

கோப்புப் பெயர் தமிழில் இருந்தால் சாதாரண ‘மெயின்’ ஃபங்ஷனுக்குக் கேள்விக்குறிகள்தான் வந்துசேரும். விண்டோஸ் 10, 1903 பதிப்பு முதல், நிரலோடு சேரும் அமைப்புக் கோப்பான மேனிஃபெஸ்ட்டில் ‘ஆக்டிவ்கோட்பேஜ்’ என்பதை யூடிஎஃப்-8 என்று அமைத்தால் பெயர் முழுசாக வரும். அதற்கு முந்தைய விண்டோஸும் வேண்டுமென்றால் ‘மெயின்’ ஃபங்ஷனுக்குப் பதில், சொற்களை யூனிகோடாக வாங்கும் ‘டபிள்யூமெயின்’ எழுதி, சொற்களை யூடிஎஃப்-8க்கு மாற்றி, அதன் பிறகே கெட்ஆப்ட்_லாங்கிடம் கொடுங்கள்.