உயர் மின்னழுத்த முனையத்தில் மின்னூட்டம் எங்கே கசிகிறது?

கேள்வி: ஓடும் பட்டையால் மின்னூட்டத்தை ஏற்றி, முனையமான உலோகக் கோளத்தில் சேர்த்து உயர் மின்னழுத்தம் உண்டாக்கும் வான் டி கிராப் இயற்றி ஒன்றை அமைத்திருக்கிறேன். 15 செ.மீ. ஆரமுள்ள அலுமினியக் கோளத்தை நன்றாக மெருகேற்றியும் மின்னூட்டம் அதில் தங்கவில்லை. இன்னும் பெரிய கோளம் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். முதலில் கோளத்தின் அடிப்பக்கத் துளையைப் பாருங்கள்.

உலர்ந்த காற்று, சாதாரண வளிமண்டல அழுத்தத்தில், சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 30,000 வோல்ட் வரையிலான மின்புலத்தைத் தாங்கும். தனித்து நிற்கும் கோளத்தின் மேற்பரப்பிலுள்ள மின்புலம் என்பது அதன் மின்னழுத்தத்தை ஆரத்தால் வகுத்தால் கிடைப்பது. எனவே உங்கள் கோளம் கோட்பாட்டளவில் 4,50,000 வோல்ட்டை எட்ட இயலும். ஆனால் இந்தக் கணக்கு முழுமையான கோளத்துக்கே பொருந்தும். பட்டை நுழைவதற்காக வெட்டிய துளையின் விளிம்பு கூராக இருந்தால், மின்னூட்டம் அங்கே அடர்ந்து, கோளம் தன் எல்லையில் சிறு பங்கை எட்டுவதற்கு முன்பே சுற்றியுள்ள காற்றை அயனியாக்கி, மின்னூட்டத்தைக் கடத்தும்படி மாற்றிவிடும். இதுவே ஒளிவட்ட மின்னிறக்கம். விளிம்பை அரத்தால் தேய்ப்பது மட்டும் போதாது; அதை அகன்ற வளைவாக உள்நோக்கிச் சுருட்ட வேண்டும். கோளத்தின் உட்பகுதியில் மின்புலம் மிகக் குறைவாதலால், வெட்டுமுனை அங்கே ஒடுங்கிவிட்டால் தீங்கு செய்யாது. இரு அரைக்கோளங்களின் இணைப்பு, துருத்தி நிற்கும் திருகின் தலை, ஒட்டிய தூசி இழை ஆகியவற்றையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். மெருகைவிட வடிவமே முதன்மையானது என்பது என் உறுதியான கருத்து.

கசியும் இடத்தைக் கண்டறிய, அறையை முற்றிலும் இருட்டாக்கி, கண்கள் இருளுக்குப் பழகும் வரை காத்திருந்து, பாதுகாப்பான தொலைவிலிருந்து நோக்குங்கள். மங்கிய ஊதா ஒளியும் மெல்லிய சீறல் ஒலியும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

ஒளியே தெரியாமல் மின்னழுத்தம் சரிந்தால், கோளத்தைத் தாங்கும் மின்கடத்தாத் தூணின் மேற்பரப்பில் படிந்த ஈரமோ விரல் எண்ணெயோ கடத்தும் பாதையாகியிருக்கக்கூடும். மென்மையான சோப்பு நீரால் துடைத்து, நன்கு உலர்த்திய பின் வெறுங்கையால் தொடாதீர்கள். கறுப்பு ரப்பர் பட்டையைத் தவிர்ப்பது நல்லது. அதில் பெரும்பாலும் கலந்திருக்கும் கரித்தூள் மின்னூட்டத்தைக் கீழே கடத்திவிடும். அருகிலுள்ள மேசை முனை, விளக்குத் தண்டு போன்ற கூரிய பொருள்களும், கோளத்தில் எந்தக் குறையும் இல்லாதபோதுகூட, எதிர் மின்னூட்டத்தை உமிழ்ந்து அதை வெறுமையாக்கும்.

இவ்வளவையும் சரிசெய்த பிறகே அளவைப் பற்றி எண்ணலாம். ஆரம் இரட்டித்தால் எல்லையும் இரட்டிக்கும் என்பதால்தான், 1933இல் அமெரிக்காவின் ரவுண்ட் ஹில்லில் வான் டி கிராப் நிறுவிய பெரிய இயற்றிக்கு 15 அடி விட்டமுள்ள இரு அலுமினியக் கோளங்கள் தேவைப்பட்டன. பிற்கால இயற்றிகள் முனையத்தைப் பெரிதாக்காமல், எஃகுத் தொட்டிக்குள் உயர் அழுத்த வாயுவை அடைத்து அதே பயனைப் பெற்றன. அவற்றில் பயன்பட்ட சல்ஃபர் ஹெக்சாபுளோரைடு, ஒரே அழுத்தத்தில் காற்றைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு மின்புலத்தைத் தாங்கும். எனினும் அது மிகக் கடுமையான பசுமைக்குடில் வாயு என்பதால், அடைத்த தொட்டியும் மீட்டெடுக்கும் கருவியும் இல்லாத இடத்தில் அதைக் கையாளக் கூடாது.