எஃப்5 அழுத்தியும் ஃபைல் அளவு மாறவில்லையா? ஃபைலைத் திறந்து பாருங்கள்

கேள்வி: விண்டோஸில் ஒரு லாக் ஃபைல் நேற்றைய நேரத்தையும் 0 கேபி அளவையுமே காட்டுகிறது. எஃப்5 அழுத்தியும் மாறவில்லை. ஹார்ட் டிஸ்க் போய்விட்டதா?

போகவில்லை. ஃபார்மட் அடிக்கலாம் என்று யாராவது வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஏதோ ஒரு சாஃப்ட்வேர் அந்த ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

நான் கணக்கு பார்க்கும் அரிசி ஆலையில் எடைமேடை சாஃப்ட்வேர் ஒவ்வொரு லாரி எடையையும் இப்படி ஒரு லாக் ஃபைலில் எழுதும். ஒருநாள் காலை மேனேஜர் அந்த ஃபோல்டரைத் திறந்தார். 0 கேபி, நேரம் முந்தைய இரவு 9 மணி. "ராத்திரி பூரா தூங்கியிருக்கான்" என்று நைட் ஷிஃப்ட் தம்பியைப் பிடித்துக்கொண்டார். அவன் "எல்லா லோடும் எடை போட்டேன் சார்" என்று ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளைப் புரட்டிக் காட்டுகிறான், அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் அந்த ஃபைலை நோட்பேடில் திறந்தேன். வண்டி எண், மொத்த எடை, காலி எடை என்று விடியற்காலை வரை வரிவரியாக இருந்தது. நோட்பேடை மூடிவிட்டு ஃபோல்டரைப் பார்த்தால் 0 இருந்த இடத்தில் 14 கேபி!

காரணம் இதுதான். விண்டோஸ் டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறையான என்டிஎஃப்எஸ்ஸில் அளவும் நேரமும் இரண்டு இடத்தில் இருக்கும். அசல், ஃபைலின் சொந்தப் பதிவில். நகல், ஃபோல்டர் பட்டியலில். ஃபோல்டரைக் காட்டும் எக்ஸ்ப்ளோரர் வேகத்துக்காக நகலைப் படிக்கிறது. எழுதுகிற சாஃப்ட்வேர் ஃபைலை மூடும்வரை நகல் பழையதாகவே கிடக்கலாம். எஃப்5 அதே நகலை மறுபடி படிக்கும், அவ்வளவுதான். வேறு யாராவது ஃபைலைத் திறந்து மூடினால் நகலும் சரியாகிவிடும்.

"லினக்ஸ் போட்டால் இந்தத் தொல்லை இல்லை" என்று சொல்ல வருபவர்களுக்கு: அங்கேயும் என்எஃப்எஸ் ஷேரில் (நெட்வொர்க் வழியாகப் பகிரும் ஃபோல்டர்) இன்னொரு கணினி செய்த மாற்றத்தை, ஃபைல் மாறினால் தகவல் சொல்லும் வசதியான ஐநோட்டிஃபை சொல்லாது. நான் எந்தக் கட்சியும் இல்லை.

உங்கள் ஃபோல்டர் நெட்வொர்க் ஷேரில் இருந்தால் கதை வேறு. விண்டோஸ் ஃபோல்டர் பட்டியலையும் ஃபைல் விவரத்தையும் வழக்கமாக 10 விநாடி நினைவில் வைத்திருக்கும். கொஞ்சம் பொறுத்து எஃப்5 அடித்தால் போதும். விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல்லில் டைரக்டரி கேச் லைஃப்டைமை, அதாவது ஃபோல்டர் பட்டியலை நினைவில் வைக்கும் நேரத்தை, 0 ஆக்கலாம்தான், ஆனால் பெரிய ஃபோல்டர்கள் திறக்க நேரம் இழுக்கும். நான் செய்யமாட்டேன்.

அந்தத் தம்பிக்கு அன்று பிடித்த அரைநாள் சம்பளத்தை இன்றுவரை திருப்பித் தரவில்லை. கேட்டால் "போன மாசக் கணக்கு முடிஞ்சுபோச்சு" என்கிறார்கள். கணக்கு முடிப்பவன் நான். ஒரு வவுச்சர் போட்டால் தீர்கிற விஷயம், கையெழுத்துப் போடத்தான் ஆளில்லை.

சாஃப்ட்வேர் கொடுத்தவரிடம், ஒவ்வொரு பதிவுக்கும் ஃபைலை மூடித் திறக்கும்படி மாற்றித் தரச் சொல்லுங்கள். எங்களுக்குச் செய்து கொடுத்தார்கள். இப்போது ஒவ்வொரு லோடுக்கும் அளவு ஏறுவது ஃபோல்டரிலேயே தெரிகிறது.